கடைசி ஒரு மணி நேர வேலை

விலை குறைந்த வேட்டைத் துப்பாக்கியில் இரும்பைக் குறைத்திருப்பார்கள் என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வழக்கமான 12 கேஜ் தோட்டா வெடிக்கும்போது தோட்டா அறைக்குள் எழும் அழுத்தத்துக்கு அமெரிக்கத் தொழில்துறை வைத்திருக்கும் உச்சவரம்பு சதுர அங்குலத்துக்கு 11,500 பவுண்டு. இருநூற்றைம்பது டாலர் துப்பாக்கிக்கும் அதே கணக்குதான், ஐயாயிரம் டாலர் துப்பாக்கிக்கும் அதே கணக்குதான். குழல் கனத்தில் மிச்சம் பிடிக்க எந்தத் தயாரிப்பாளருக்கும் துணிவு வராது. ஒரு வழக்கு போதும், கம்பெனி காலி. அவர்கள் மிச்சம் பிடிப்பது ஃபினிஷிங்கில். பிசிறு எடுப்பது, உள்சுவரை மெருகேற்றுவது, பாகத்தோடு பாகம் ஒட்டிப் பார்ப்பது, கட்டையைத் தேய்த்து எண்ணெய் ஏற்றுவது என்று கடைசி ஒரு மணி நேரக் கைவேலையை விட்டுவிடுகிறார்கள். அந்த ஒரு மணி நேரத்தை வாங்குகிறவரே போட்டுக்கொள்ளலாம். துப்பாக்கி வாங்க யோசனை கேட்பவர்களிடம் நான் சொல்வது அதைத்தான்.

நான் பீளமேட்டில் ஒரு பம்ப்செட் கம்பெனி டூல் ரூமில் வேலை பழகியவன். இப்போது மிச்சிகனில், கார் பாகங்களுக்கு டை செய்யும் பட்டறை. செப்டம்பர் பாதி தாண்டினால் எங்கள் பட்டறையில் லீவு கேட்காத ஆள் கிடையாது. எல்லாரும் வடக்கே காட்டுக்குப் போய்விடுவார்கள். அவர்களோடு போய்த்தான் எனக்கும் வேட்டை பழக்கமானது. லேத்காரன் என்று தெரிந்ததும் அவரவர் துப்பாக்கியைக் கொண்டுவந்து “கொஞ்சம் பார்” என்று நீட்ட ஆரம்பித்தார்கள். பார்த்துக் கொடுப்பேன், காசு வாங்குவதில்லை. காசு வாங்கித் தொழிலாகச் செய்வதென்றால் அதற்குத் தனியாகக் கூட்டாட்சி உரிமம் எடுக்க வேண்டும்.

ஊரில் வேட்டை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் முடிந்துபோன கதை. இங்கே நிலைமை வேறு. துப்பாக்கி, தோட்டா விற்பனையில் தயாரிப்பாளர் கட்டும் 11 சதவீத வரி, 1937இல் வந்த பிட்மன்–ராபர்ட்சன் சட்டப்படி காட்டுயிர்ப் பாதுகாப்புக்கே போகிறது. கைத்துப்பாக்கிக்கு மட்டும் 10 சதவீதம். காட்டைக் காப்பாற்றும் செலவில் ஒரு பங்கை வேட்டைக்காரர்களே சுமக்கிறார்கள். இதை ஏற்றுக்கொள்வதும் மறுப்பதும் அவரவர் மனசாட்சி. என் வீட்டிலேயே இது பற்றி ஒரு முடிவு ஏற்படவில்லை.

விசாவில் இருக்கும் தம்பிகள் கேட்பதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். கிரீன் கார்டு இல்லாமல் தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வாங்கவோ வைத்திருக்கவோ கூட்டாட்சிச் சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருந்தால் விலக்கு உண்டு. அதற்கு மேல் மாநிலச் சட்டம் வேறு. கடைக்குப் போகும் முன் விசா வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்பிப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

போன சீசனுக்கு முன்னால் பொள்ளாச்சிப் பக்கத்துத் தம்பி ஒருவர் வந்தார். “ஏனுங்ணா, ஆயிரம் டாலராவது போட்டாத்தான் நல்லதாக் கெடைக்கும்ங்கறாங்களே?” என்றார். “முந்நூறு போடுங்க தம்பி, மிச்சத்துக்குத் தோட்டா வாங்கிச் சுட்டுப் பழகுங்க” என்றேன். அவருக்கு என் பதில் பிடிக்கவில்லை. இரட்டைக் குழல் மேல் அவருக்கு ஆசை. இரட்டைக் குழல் அழகுதான். ஆனால் இரண்டு குழலும் ஒரே இடத்தில் சுடும்படி சேர்த்துப் பற்றவைப்பது கைத்திறன் கேட்கும் வேலை. விலையைக் குறைத்தால் அங்கேதான் அடி விழும். துருக்கியில் பெய்ஷெஹிர் ஏரிப் பக்கத்து ஹுக்லுவில் தலைமுறையாகச் செய்கிறார்கள். அங்கிருந்து நல்லதும் வருகிறது, சுமாரானதும் வருகிறது. எது எது என்று பிரித்துப் பார்க்கும் கண் புதிதாக வாங்குகிறவருக்கு இருக்காது.

குறைந்த காசுக்குப் பம்ப் துப்பாக்கிதான். முன்கட்டையைப் பின்னால் இழுத்தால் வெடித்த தோட்டா வெளியே போகும், முன்னால் தள்ளினால் அடுத்தது உள்ளே ஏறும். இதன் விலை இறங்கிய கதை ஒரு மிஷினிஸ்டுக்குப் படிக்கப் படிக்க ருசிக்கும். 1912இல் வந்த வின்செஸ்டர் மாடல் 12 கடைந்தெடுத்த எஃகுப் பாகங்களும் கையால் ஒட்டிச் சேர்க்கும் வேலையுமாக இருந்தது. 1950இல் ரெமிங்டன் 870 வந்தது. மேலுடம்பு (ரிசீவர்) மட்டும் முழு எஃகில் கடைந்தது, உள்பாகங்கள் பல பிரஸ்ஸில் அடித்தவை. 1961இல் மாஸ்பெர்க் 500 மேலுடம்பையே அலுமினியத்துக்கு மாற்றியது. அலுமினியமா என்று பதற வேண்டாம். 870, 500 இரண்டிலுமே போல்ட்டில் இருக்கும் பூட்டுத் துண்டு எழுந்து குழலின் பின்நீட்சியில் போய் மாட்டிக்கொள்கிறது. வெடிப்பின் உதையை எஃகு எஃகோடு தாங்குகிறது. மேலுடம்பு சும்மா கூடு. கூட்டுக்கு எதற்கு எஃகு என்று கேட்டவர் யாரோ, அவர் நல்ல எஞ்சினியர்.

அதே மாஸ்பெர்க் குடும்பத்தில் டெக்சாஸ் ஈகிள் பாஸில் பூட்டி வருவது மேவரிக் 88. புதியதே ஏறக்குறைய இருநூற்றைம்பது டாலர். 500இன் குழல் பெரும்பாலும் இதற்கும் பொருந்தும். வித்தியாசம், 500இல் காப்புப் பொத்தான் மேலே கட்டைவிரலுக்கு நேராக இருக்கும், 88இல் விசைக்கு முன்னால் குறுக்கே தள்ளும் பொத்தான். இடதுகைக்காரர் என்றால் 500 வாங்கட்டும், வலதுகைக்காரருக்கு 88 போதும். ஒற்றைக் குழல், ஒரே தோட்டா என்று வேண்டுமானால் மாசசூசெட்ஸில் செய்த பழைய எச் அண்ட் ஆர் டாப்பர் அடகுக்கடையில் கிடைக்கும். 2015க்குப் பிறகு அது புதிதாக வருவதில்லை. எடை குறைவு என்பதால் தோளில் நன்றாக உதைக்கும்.

பழையது வாங்குவதில் எனக்குத் தயக்கமே இல்லை. சுட்டுத் தேய்ந்த துப்பாக்கியை நான் அதிகம் பார்த்ததில்லை, அலமாரியில் வைத்தே துருப்பிடித்ததைத்தான் நிறையப் பார்த்திருக்கிறேன். கடையில் கையில் வாங்கியதும் முதல் வேலை, போல்ட்டைப் பின்னுக்கு இழுத்து அறையையும் மேகசீனையும் கண்ணால் பார்த்து, சுண்டுவிரலால் தொட்டுப் பார்ப்பது. கடைக்காரர் இப்போதுதான் பார்த்துக் கொடுத்திருப்பார், இருந்தாலும் நீங்கள் பாருங்கள். அப்படிப் பார்க்காத ஆளிடம் நல்ல கடைக்காரருக்கு மரியாதை வராது.

பிறகு அனுமதி கேட்டுக் குழலைக் கழற்றுங்கள். மேகசீன் மூடியைத் திருகினால் கையோடு வந்துவிடும். குழலை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஒரு கண்ணால் உள்ளே பாருங்கள். உள்சுவரில் ஒளி வட்டம் வட்டமாக விழும். எல்லா வட்டமும் ஒரே மையத்தில் இருந்தால் குழல் நேர். ஒரு வட்டம் மட்டும் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நின்றால் அங்கே குழல் நசுங்கியிருக்கிறது அல்லது உப்பியிருக்கிறது. குழலுக்குள் சேறோ பனியோ அடைத்திருப்பது தெரியாமல் யாரோ சுட்டிருக்கலாம். வெளியே விரலை மெதுவாக ஓட்டினால் கண்ணுக்குத் தெரியாத உப்பலும் விரலுக்குத் தெரியும். பட்டறையில் பழகிய விரலாக இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் தெரியும். அப்படிப்பட்ட குழலைச் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள். உள்ளே கருப்பாகத் தெரிவதெல்லாம் துரு கிடையாது. தோட்டாவுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் வாட் உருகி ஒட்டியிருந்தால் தேய்த்தால் போகும். குழி விழுந்திருந்தால் போகாது. அறைக்கு வெகு தள்ளி இரண்டு மூன்று மேலோட்டமான குழி பரவாயில்லை, விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

திருகுத் தலைகளைப் பாருங்கள். காடி சிதைந்திருந்தால் முன்னால் இருந்தவர் பொருந்தாத ஸ்க்ரூட்ரைவரோடு உள்ளே புகுந்திருக்கிறார். அவர் வேறு என்னென்ன செய்தாரோ என்று பயப்படலாம். கட்டை மேலுடம்போடு சேரும் கழுத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா பாருங்கள். இருந்தால், முறுக்கிப் பார்க்கும்போது மெல்ல முனகும். குழல் முனையை ஒடுக்கும், திருகிக் கழற்றும் சோக் குழாய் உண்டென்றால் அது கழன்று வருகிறதா என்று கேளுங்கள். துருவில் இறுகிப்போன சோக்கை எடுக்க ஆகும் செலவில் வேறு குழலே வாங்கிவிடலாம். கடைசியாக, மிகப் பழைய சாமானில் குழலின் வெளித்தோலில் மரத்தின் ரேகை மாதிரி கோடு கோடாக இருந்தால் அது டமாஸ்கஸ் குழல், இரும்பும் எஃகும் முறுக்கிச் செய்தது. சுவரில் மாட்டலாம். இன்றைய தோட்டாவை அதில் போடக் கூடாது.

இனி அந்த ஒரு மணி நேர வேலைக்கு வருகிறேன். புதுத் துப்பாக்கி பெட்டியிலிருந்து வரும்போது பூசியிருப்பது துருக்காப்புக் கிரீஸ். அது ஓட்டத்துக்கான எண்ணெய் கிடையாது. பலர் அதைத் துடைக்காமலே குளிரில் எடுத்துப்போவார்கள். பூஜ்யத்துக்குக் கீழே அது மெழுகாகி, போல்ட் பாதியில் நின்றுவிடும். எல்லாவற்றையும் கழற்றி, கரைப்பானில் கழுவித் துடைத்து, உலோகம் உலோகத்தில் உரசும் இடத்தில் மட்டும் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். விசைத் தொகுதியை எண்ணெயில் முக்க வேண்டாம், தூசி சேர்ந்து பசையாகிவிடும்.

பிறகு பிசிறு. தோட்டா ஏற்றும் வாயின் உள்விளிம்பில் கட்டைவிரலை ஓட்டினால் பிளேடு போலக் கிழிக்கும். மெல்லிய அரத்தால் மூலையை ஒடிக்க வேண்டும், அவ்வளவுதான். வெடித்த தோட்டாவை இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கியிலும் விசைத் தொகுதியின் பூட்டும் முகங்களிலும் மட்டும் அரத்தைக் கொண்டுபோகாதீர்கள். அவை அளவாகத் தேய்த்துக் கடினப்படுத்திய இடங்கள், அங்கே ஒரு இழுப்பு இழுத்தால் காப்பே போய்விடும்.

வருகிற புகாரில் பெரும்பாலானது தோட்டா அறை பற்றியது. ஒருவர் கொண்டுவந்த புதுத் துப்பாக்கியில் சுட்ட பிறகு முன்கட்டை பின்னுக்கு வரவே இல்லை. கட்டையைத் தரையில் குத்தித்தான் திறந்திருக்கிறார், அதுவும் ஆபத்து. கம்பெனி பெயர் வேண்டாம். அறையின் உள்சுவரில் ரீமர் ஓடிய வட்டக் கீறல்கள் அப்படியே தெரிந்தன. மலிவுத் தோட்டாவின் அடித்தலை பித்தளை போலத் தெரிந்தாலும் பெரும்பாலும் முலாம் பூசிய எஃகு. வெடித்ததும் அது விரிந்து சுவரின் கீறல்களில் பதிகிறது. பித்தளை சுருங்கித் திரும்பும் அளவுக்கு எஃகு திரும்புவதில்லை. இழுப்பவர் கைதான் வலிக்கும். வைத்தியம் எளிது. பித்தளைத் தூரிகையில் 0000 எண் எஃகுப் பஞ்சைச் சுற்றி, எண்ணெயில் நனைத்து, டிரில்லில் மெதுவாக அரை நிமிடம் அறைக்குள் மட்டும் ஓட்டுவது, துடைத்துப் பார்ப்பது, தேவையானால் இன்னொரு அரை நிமிடம். உலோகத்தை வெட்டுவது நோக்கமில்லை, கீறலின் முகட்டை வழவழப்பாக்குவது மட்டும்தான். எமரித் தாளைக் கொண்டுபோனால் அறையின் அளவே மாறிவிடும். மெருகு ஏறிய பிறகு அதே மலிவுத் தோட்டா கையோடு வந்துவிழுந்தது. இரண்டாயிரம் டாலர் துப்பாக்கியில் இந்த வேலையைத் தொழிற்சாலையே செய்து அனுப்புகிறது.

துப்பாக்கி உடம்புக்கு ஒட்ட வேண்டும் என்பதை இங்கே யாரும் நமக்குச் சொல்வதில்லை, ஏனென்றால் அவர்கள் உயரத்துக்குத்தான் அது செய்யப்படுகிறது. விசையிலிருந்து கட்டையின் பின்முனை வரை வழக்கமான நீளம் ஏறக்குறைய 14 அங்குலம். ஐந்தே கால் அடி ஆள் தடித்த குளிர்க்கோட்டு போட்டுக்கொண்டு இதைத் தோளுக்குத் தூக்கினால் பின்முனை கக்கத்தில் மாட்டும். அதற்குள் பறவை பறந்து போயிருக்கும். இளையோர் மாடல் என்று 13 அங்குலத்துக்குக் குறைந்த கட்டையோடு வருவதை வாங்கிக்கொள்வதில் வெட்கம் வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு தூக்கித் தோளில் வையுங்கள். கன்னம் கட்டையில் படிந்ததும் கண்ணைத் திறந்தால் முன்மணி நேராகத் தெரிய வேண்டும். கழுத்தை நீட்டியோ தலையைச் சாய்த்தோ தேடினால் அந்தத் துப்பாக்கி உங்களுடையதில்லை. எந்தக் கண் உங்களுக்கு ஓங்கிய கண் என்பதையும் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். வலதுகைக்காரர் பலருக்கு இடது கண் ஓங்கியிருக்கிறது, அவர்கள் குறி எப்போதும் பறவைக்கு ஒரு பக்கமாகப் போகும்.

அடுத்து காகிதம். 40 கஜத்தில் பெரிய காகிதத்தை மாட்டிச் சுட்டு, அடர்த்தியான இடத்தைச் சுற்றி 30 அங்குல வட்டம் போட்டு, தோட்டாவிலிருந்த ரவையில் எத்தனை உள்ளே விழுந்தது என்று எண்ணுவது. ஃபுல் சோக் என்றால் 70 சதவீதம், மாடிஃபைடு 60, இம்ப்ரூவ்டு சிலிண்டர் 50, ஒடுக்கமே இல்லாத குழல் 40 என்பது பழைய கணக்கு. எழுதியிருப்பது ஒன்று, காகிதம் காட்டுவது ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும்; காகிதத்தை நம்புங்கள். நாங்கள் தேடிப் போவது ரஃப்டு க்ரௌஸ், கௌதாரிக்குப் பெரியப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள். இளம் ஆஸ்பென் மரங்கள் நெருக்கமாக முளைத்த காட்டில் காலடியிலிருந்து வெடித்துக் கிளம்பி, இரண்டு நொடியில் மரத்துக்குப் பின்னால் மறைந்துவிடும். சுடுவது இருபது, இருபத்தைந்து கஜத்துக்குள். அங்கே ஃபுல் சோக் எதற்கு? இம்ப்ரூவ்டு சிலிண்டரே அதிகம்.

வாத்துக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு கணக்கு. 1991 முதல் அமெரிக்கா முழுக்க நீர்ப்பறவை வேட்டையில் ஈய ரவைக்குத் தடை. சுடும் ரவை ஏரி அடியில் விழ, பறவைகள் அதைக் கூழாங்கல் என்று விழுங்கி நஞ்சேறிச் செத்தன. அதனால் எஃகு ரவை. ஈயத்தின் அடர்த்தி 11.3, எஃகுக்கு 7.8தான், சீக்கிரம் வேகம் இழக்கும். எனவே ஈயத்தில் வழக்கமாகப் போடுவதை விட இரண்டு அளவு பெரிய ரவை போட வேண்டும். எஃகு நசுங்குவதில்லை, கட்டுக்கோப்பாகப் போகும், ஆகவே சோக்கை ஒரு படி தளர்த்தலாம். பழைய துப்பாக்கியில் குழலோடு சேர்த்தே செய்த ஃபுல் சோக்கில் பெரிய எஃகு ரவையைச் சுட்டால் முனை விரிந்து போகலாம். மலிவாக வாங்கிய பழசுக்கு வாத்து வேட்டை ஆசை இருந்தால் சோக் மாற்றும் வசதியுள்ள வேறு குழல் ஒன்று வாங்கிக்கொள்வதே வழி. வாத்துக்கும், மலை உள்ளான் இனத்து வுட்காக்குக்கும், அவை வலசைப் பறவைகள் என்பதால், துப்பாக்கியில் மூன்று தோட்டாவுக்கு மேல் கொள்ளக் கூடாது. மேகசீனுக்குள் ஒரு மரக்குச்சி போட்டே விற்கிறார்கள். சுத்தம் செய்யும்போது வெளியே எடுத்து வைத்ததைத் திரும்பப் போட்டுவிடுங்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் நான் கத்திப் பேசுவேன். 20 கேஜ் தோட்டாவும் 12 கேஜ் தோட்டாவும் ஒரே சட்டைப் பையில் இருக்கக் கூடாது. 20 கேஜ் தோட்டா 12 கேஜ் அறையில் நிற்காமல் வழுக்கிப் போய்க் குழலுக்குள் சிக்கிக்கொள்ளும். சுட்டால் ‘டக்’ என்று வெற்றுச் சத்தம் வரும். தோட்டா ஏறவில்லை போல என்று நினைத்து 12 கேஜைப் பின்னால் போட்டுச் சுட்டால் குழல் கிழியும், முன்கட்டையைப் பிடித்திருக்கும் கையும் போகும். 20 கேஜுக்கு மஞ்சள் உறை வைத்திருப்பதே இதற்காகத்தான். மஞ்சளைக் கண்டால் இரண்டாம் முறை பாருங்கள். எதிர்பாராத மாதிரி சத்தம் கேட்டால் நிறுத்திக் குழலைக் கழற்றி உள்ளே பாருங்கள்.

பராமரிப்பில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. மாலையில் குளிரிலிருந்து வீட்டுக்குள் வந்ததும் துப்பாக்கியின் மேல் நீர் வியர்க்கும், மேலே மட்டுமல்ல, மேகசீன் குழாய்க்குள்ளும். உறையோடு கொண்டுவந்து அறை வெப்பத்துக்கு வரும் வரை வைத்துவிட்டு, பிறகு திறந்து துடையுங்கள். விலை குறைந்த துப்பாக்கியின் சொரசொரப்பான கருப்புப் பூச்சு ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும், மழையில் நனைந்த அன்றே எண்ணெய்த் துணியால் துடைக்காவிட்டால் காலையில் சிவந்திருக்கும். குழலுக்கு ஹாப்பேஸ் நம்பர் 9 கரைப்பான், 1903 முதல் விற்கிறார்கள், அந்த வாசனைக்கு என் மனைவி காரேஜைத் தாண்ட அனுமதி தருவதில்லை. சோக் குழாயின் மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவி, சீசனில் இரண்டு மூன்று தரம் கழற்றி மாட்டுங்கள். நீண்ட நாள் வைப்பதென்றால் குழல் முனை கீழே பார்க்க வையுங்கள், இல்லாவிட்டால் எண்ணெய் மெல்ல இறங்கி மரக்கட்டையின் கழுத்தை ஊறப்போடும்.

பொள்ளாச்சித் தம்பி கடைசியில் பழைய 500 ஒன்று வாங்கினார், கட்டையை ஓர் அங்குலம் குறைத்தோம். மிச்சப் பணத்தில் களிமண் தட்டு சுடும் மைதானத்துக்குப் போய்ப் பழகுகிறார்.

மிச்சிகனில் 1960 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி முடித்தால்தான் வழக்கமான வேட்டை உரிமம். 2024 பிப்ரவரியிலிருந்து, சிறுவர்கள் எடுக்க வாய்ப்புள்ள வீட்டில் துப்பாக்கியைப் பூட்டாமல் வைத்திருப்பது சட்ட மீறல். உங்கள் மாநிலத்தில் சட்டம் கேட்காவிட்டாலும் பயிற்சியை முதலில் முடியுங்கள், பூட்டும் பெட்டியை இரண்டாவதாக வாங்குங்கள், துப்பாக்கியை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தோட்டாவைத் தனி இடத்தில் பூட்டி வையுங்கள்.